மூன்று நாள் வாய்ப்பூட்டு யாருக்காக?

புதுப்படம் வந்த முதல் மூன்று நாள் யாரும் விமர்சனம் செய்யக் கூடாது, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்கள் மைக்கோடு நுழையக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் 2024 இறுதியில் கிளம்பினார்கள். 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' மூன்றையும் கவிழ்த்தது விமர்சனம்தானாம். அந்த ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. கோரிக்கை மட்டும் அடங்கவில்லை.

விமர்சனத்தால் நஷ்டம் என்று புலம்புகிறவர்கள், புகழ்ச்சியை நம்பிப் பணத்தை விட்டவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. 2024 மே 3 அன்று வந்த 'அரண்மனை 4'ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வெற்றி எதுவும் இல்லாமல் பழைய 'கில்லி'யைத் தூசி தட்டி ஓட்டிக்கொண்டிருந்த தியேட்டர்களுக்கு அது உயிர் கொடுத்தது உண்மைதான். தமிழ் சினிமாவைக் காப்பாற்றிய படம் என்றார்கள். நூறு கோடி என்று விளம்பரம் பறந்தது. காப்பாற்றப்பட்டது கல்லாப்பெட்டி. நகைச்சுவையும் இல்லை, பேயும் இல்லை.

யோகி பாபு, வி.டி.வி. கணேஷ், கோவை சரளா என்று இத்தனை பேர் இருந்தும் சிரிப்பு ஒன்றுகூட இயல்பாக வரவில்லை. தமன்னாவின் தாய்ப் பாசம் சூடு பிடிக்கும் நேரத்தில் காமெடி குறுக்கே வந்து நிற்கிறது. கடைசியில் குஷ்புவும் சிம்ரனும் அம்மன் பாட்டுக்கு ஆடி முடித்ததும் எல்லாம் சுபம்.

தமிழ்ப் பேய்ப்படங்களின் கால அட்டவணையை யாராவது கவனித்தீர்களா? 'முனி' 2007, 'காஞ்சனா' 2011, 'காஞ்சனா 2' 2015, 'காஞ்சனா 3' 2019. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒலிம்பிக்ஸ்கூட 2020இல் ஓராண்டு தள்ளிப்போனது. ராகவா லாரன்ஸின் பேய் அதுவரை ஒருமுறையும் தவறவில்லை. சுந்தர் சி.யின் அரண்மனை 2014, 2016, 2021, 2024. சந்தானத்தின் 'தில்லுக்கு துட்டு' வரிசை 2016, 2019, 2023. 2024 வரையிலான பதினேழு ஆண்டுகளில் மூன்றே பேய்க் குடும்பங்களுக்குப் பதினொரு படங்கள்! இதற்குப் பெயர் கதையா, தவணைச் சீட்டா?

'அரண்மனை 4'இன் 'பாக்' என்ற பேய் அசாம் நாட்டுப்புறக் கதைகளிலிருந்து இறக்குமதியானது. பிரம்மபுத்திரா வரை போய்ப் பேய் பிடித்து வந்தவர்கள், அந்த அரண்மனை யாருடையது, அங்கே யார் வேலை செய்து செத்தார்கள் என்று நான்கு பாகங்களில் ஒருமுறையாவது உருப்படியாகக் கேட்டார்களா? கேட்க நினைத்திருந்தால் கள்ளக்குறிச்சிக்கு வந்திருக்கலாம். அங்கே கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக, அதாவது பரம்பரை நிலக்கிழார்களின் ஆட்சிப் பகுதிகளாகக் கிடந்தது. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஜாகிர்தார் முறை போகவில்லை, 1976இல்தான் ஒழிந்தது. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தாத்தாக்கள் பார்த்த அந்த ஆட்சியைவிடவா பாக் பயங்கரம்? நம் சினிமாவில் மலைவாசி என்றால் இலைதழை கட்டிய மந்திரவாதி. அரண்மனை என்றால் வாடகை செட்.

"சிரிக்கப் போன இடத்தில் ஆராய்ச்சி எதற்கு?" என்பார்கள். சிரிப்பு வந்திருந்தால் ஆராய்ச்சி செய்திருக்க மாட்டேன்.

வெள்ளிமலைப் பக்கமிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சியில் படம் பார்க்க வரும் குடும்பத்துக்கு டிக்கெட்டோடு பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது. இரவுக் காட்சி என்றால் திரும்ப வண்டி கிடைக்காது. போகலாமா வேண்டாமா என்று அவர்களிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள், முதல் காட்சி முடிந்து வெளியே வந்து கைபேசியில் பொரிந்து தள்ளும் எவனோ ஒரு பையன். அவன் வாயைத்தான் கட்டச் சொல்கிறார்கள். அதற்குள் சனி, ஞாயிறு வசூல் முடிந்துவிடும் அல்லவா? தமிழ்ப் பேய்ப்படம் இப்படிச் சோம்பிக் கிடப்பதற்கும் விமர்சனத்தைக் கண்ட இந்தப் பயம்தான் காரணம்.

தயாரிப்பாளர்கள் முதலில் ஒன்று செய்யட்டும். முதல் மூன்று நாள் 'பிளாக்பஸ்டர்' போஸ்டர் ஒட்டாமல், வசூல் கணக்கு வெளியிடாமல், வெற்றி விழா கேக் வெட்டாமல் இருந்து காட்டட்டும். விமர்சகனின் வாயைக் கட்டுவது பற்றி அதன்பிறகு பேசலாம்.