ஒன்பது மணிக்கு மட்டும்தான் நல்ல நேரமா?

பெங்களூரில் ரோடு போதவில்லை என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சில்க் போர்டு பக்கம் போயிருக்கிறீர்களா? அதே ரோடு, அதே பாலம். வண்டி பறக்கும். நடுராத்திரியில் தாராளமாக இருக்கிற ரோடு காலை ஒன்பது மணிக்கு மட்டும் எப்படிச் சுருங்குகிறது?

நான் படித்தது பி.காம். பிழைப்பு வங்கியில். பாலம் கட்டத் தெரியாது. ஆனால் டெபாசிட் போட்ட அத்தனை பேரும் ஒரே நாளில் பணம் கேட்டு வந்தால் எந்த வங்கியும் தாங்காது என்பது தெரியும். அதற்குப் பயந்து யாரும் மொத்தப் பணத்தையும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. ரோடு விஷயத்தில் மட்டும் நம்ம ஆட்கள் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். ஹெப்பாளில் இருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலை, மதிப்பீடு 17,000 கோடி ரூபாய்க்கு மேல். எதற்கு? காலையில் சில மணி நேரம், சாயங்காலம் சில மணி நேரம் வருகிற கார்களுக்கு!

வேறு வழி இல்லையா என்றால், இதே ஊரில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2008 அக்டோபரில் இன்போசிஸும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாலாஜி பிரபாகரும் சேர்ந்து எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சோதனை நடத்தினார்கள். சீக்கிரம் வேலைக்கு வந்தால் புள்ளி, வாரா வாரம் குலுக்கல், பரிசுப் பணம். அவ்வளவுதான். 2009 ஏப்ரல் வரை, ஆறு மாதம் நடந்தது. நெரிசலுக்கு முன்னால் வருகிறவர்கள் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களின் காலைப் பயணம் சராசரி 71 நிமிடத்தில் இருந்து 54 நிமிடமாகக் குறைந்தது. ஒரு செங்கல் கூட வைக்கவில்லை!

இது ஏன் நடந்தது? நேரத்தை முடிவு செய்கிற இடம் அலுவலகம். அந்த அலுவலகமே "முன்னாடி வா, காசு தருகிறேன்" என்றது. இதை விட்டுவிட்டு பயணியைப் பார்த்து "நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று உபதேசம் செய்வதில் என்ன பயன்? கேட்டைப் பத்து மணிக்குத் திறக்கிற இடத்துக்கு ஏழு மணிக்குப் போய் என்ன செய்வது, வாட்ச்மேனோடு டீ குடிப்பதா?

சரி, நெரிசல் நேரத்தில் கார்களுக்குக் கட்டணம் போட்டால்? சிங்கப்பூர் 1975லேயே போட்டது. லண்டன் 2003ல், நியூயார்க் 2025ல். ஆனால் கேப்ரியல் க்ரைண்ட்லர் என்ற பொருளாதார ஆய்வாளர் 2017ல் பெங்களூரிலேயே சோதித்துப் பார்த்தார். ஆட்கள் ஓரளவு நேரத்தை மாற்றத் தயார்தான். ஆனால் இங்கே ஒரு வண்டி விலகினால் மற்றவர்களுக்கு மிச்சமாகிற நேரம் குறைவு, அதனால் ஊருக்கு மொத்த லாபமும் சிறிதுதான் என்று அவர் கணக்கு சொன்னது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. காரை ஒன்பதில் இருந்து எட்டுக்குத் தள்ளினால் அது இன்னும் கார்தான். அதில் இருப்பவர் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ ஏற வேண்டும்.

அதற்கு என்ன செய்தோம்? 2019ல் சில்க் போர்டு முதல் கே.ஆர்.புரம் வரை பஸ்ஸுக்குத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணத்தை 60 ரூபாயில் இருந்து 90 ஆக்கினார்கள். கூட்டமில்லாத நேரத்தில் வந்தால் ஸ்மார்ட் கார்டுக்குக் கூடுதலாக 5 சதவீதம் தள்ளுபடி. தொண்ணூறு ரூபாயில் நாலரை ரூபாய்! இதற்காக யார் அலாரத்தை மாற்றி வைப்பார்கள்?

இன்னொரு பக்கம், 2010ல் திறந்த எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் சுங்கம் வசூலிக்கிறார்கள். நெரிசலுக்கு ஒரு கட்டணம், காலியான நேரத்துக்கு ஒரு கட்டணம் என்ற பேச்சே இல்லை. அடிக்கடி போகிறவருக்கு மாதாந்திர பாஸ் வேறு. தினமும் ஒன்பது மணிக்கு நெரிசலை உண்டாக்குகிறவருக்கு மொத்தக் கொள்முதல் சலுகை! எந்தக் கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இது?

நம்மவர்களையும் விடப் போவதில்லை. 2023ல் கர்நாடக உயர் நீதிமன்றம் பள்ளி நேரத்தை மாற்ற முடியுமா என்று யோசிக்கச் சொன்னது. பள்ளிகளும் பெற்றோரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏழு மணிக்குப் பிள்ளையைக் கிளப்புவது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளி வேன் இருக்கும்போது ஒரு குழந்தைக்கு ஒரு கார் என்று கேட்டை அடைப்பவர்களில் நம் குடும்பங்களும் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடைசி வேலைநாள் சாயங்காலமே மடிவாளாவிலும் ஓசூர் ரோட்டிலும் போய் நின்றுகொண்டு "என்ன ஊருய்யா இது" என்று புலம்புவதும் நாம்தான். அதிகாலையில் கிளம்பினால் அம்மா கோலம் போட்டு முடிப்பதற்குள் சேலமே போய்விடலாம்.

இந்த நெரிசலுக்கு உண்மையில் விலை கொடுப்பவர் யார் தெரியுமா? ஏசி காரில் பாட்டுக் கேட்பவர் இல்லை. ஈஜிபுராவில் இருந்து இரண்டு பஸ் மாறி அபார்ட்மெண்ட் வேலைக்குப் போகிற அம்மா. கால் மணி நேரம் தாமதமானால் அவருக்குத்தான் ஏச்சு. 2023 ஜூனில் இருந்து கர்நாடகப் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம். ஆனால் அடையாள அட்டையில் கிருஷ்ணகிரி, தர்மபுரி முகவரி இருந்தால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

அதனால் என் கட்சி இதுதான். ஊரை நெரிக்கிற நேரத்தை நிர்ணயிப்பவர் எவரோ, பில் அவருக்குத்தான் போக வேண்டும். அத்தனை ஊழியரையும் ஒரே மணிக்கு வரச் சொல்கிற கம்பெனி அதற்கு வரி கட்டட்டும். நேரத்தைப் பிரித்துக் கொடுத்து, பஸ் விட்டால் வரி தள்ளுபடி. அந்தப் பணத்தில் பஸ் வாங்குங்கள், பஸ் பாதையைத் திரும்பப் போடுங்கள். 17,000 கோடிக்குப் பூமியைத் தோண்டுவதற்கு முன்னால், கேட்டைத் திறக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள் சாமி!