மீனின் நீளமும் குத்தகைச் சீட்டும்

கடலோரத்தில் உவர்நீர்க் குளங்களையுடைய நிலச்சுவான்தார்கள் அவற்றைக் குத்தகைக்கு விடுங்கால், பெரும்பாலும் தொகையையும் காலத்தையும் பேசி முடித்துவிடுகின்றனர். எவ்வளவு நீளமுள்ள மீனைப் பிடிக்கலாம் என்னும் நிபந்தனை சீட்டில் ஏறுவது அரிது. இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று என்பது எமது அபிப்பிராயம்.

மீன் நீளத்தில் மட்டும் வளர்வதன்று. உயரத்திலும் பருமனிலும் உடன் வளர்கின்றது. ஆதலின் நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகின்றது. 14 செ.மீ. நீளமுள்ள மடவை 21 செ.மீ. ஆகுங்கால், நீளம் ஒன்றரை மடங்கே. எடையோ மூன்றேகால் மடங்குக்கும் சற்று அதிகம். இயற்கை இக்கணக்கை அணுவும் பிசகாமல் அனுசரிப்பதில்லை. மூன்று என்னும் அடுக்கெண் மீனின் இனத்திற்கேற்பப் பெரும்பாலும் 2.5க்கும் 3.5க்கும் இடையே நிற்கும். ஓரினத்தின் கணக்கை மற்றோரினத்திற்கு ஏற்றுவதும் தகாது. ஒரே நீளமுள்ள வாளையையும் வாவலையும் தராசிலிட்டால் இது விளங்கும்.

விட்டுவைத்த மீன் யாவும் பிழைக்குமோ, நாரைக்கும் வெள்ளத்திற்கும் யார் பொறுப்பு என்று குத்தகைதாரர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும், நூறு மீனில் ஐம்பது அழிந்துபோயினும், எஞ்சிய ஐம்பதும் 14 செ.மீ.யிலிருந்து 21 செ.மீ. வளருமாயின், அவற்றின் மொத்த எடை முதலிலிருந்த நூற்றின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேற்படும். மேலும் மடவை கடலிலேயே முட்டையிடுவது. குளத்தில் இனம் பெருகாது. சிறிதாய் வாரிய மீனுக்கு ஈடாக அக்குளத்தில் வேறொன்று பிறக்கப்போவதில்லை. எனினும் எல்லையின்றிக் காத்திருப்பதிலும் பயனில்லை. வயது ஏற ஏற வளர்ச்சி மந்தப்படும்.

குத்தகைதாரரை மட்டும் குறைகூறல் முறையன்று. ஓராண்டில் கைமாறும் குளத்தில் மீனை வளரவிடுபவன் அடுத்தவனுக்கு வளர்க்கிறான். குறுகிய தவணை விதிக்கும் உடைமைக்காரரே இதற்கு முதற் காரணர்.

அளவு விதிப்பதாயின் எடையைவிட நீளமே ஏற்றது. சினையும் வயிற்றிலுள்ள இரையும் எடையை மாற்றும், நீளத்தை மாற்றா. கேரள அரசாங்கம் 2015இல் 14 கடல் மீனினங்களுக்குச் சட்டபூர்வமான குறைந்தபட்ச அளவுகளை விதித்தபோது நீளத்தையே கொண்டது: நெய்ச்சாளைக்கு 10 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 14 செ.மீ. 2017இல் இனங்களின் தொகை 58 ஆயிற்று. ஆனால் வலையில் மாண்ட குஞ்சைத் திரும்ப நீரில் எறிவதால் பிரயோஜனமில்லை. ஆகையால் நீளத்தோடு வலைக்கண்ணின் அளவையும் சீட்டில் எழுதவேண்டும். பஞ்சாயத்துக் குளங்களின் ஏலத்தை நடத்தும் உத்தியோகஸ்தர்கள் இதனை முதலிற் செய்து காட்டலாம்.

தாமே மீன் வளர்ப்பவர்களுக்கு மற்றொரு பயனும் உண்டு. மாதமொரு முறை, இரையிடுமுன் ஒரே இனத்தில் முப்பது மீன்களைப் பிடித்து, ஒவ்வொன்றையும் அளந்து நிறுக்கவும். கிராம் எடையை நூறால் பெருக்கி, செ.மீ. நீளத்தின் மும்மடியால் வகுக்க வருவது ஃபுல்ட்டன் பெயரால் வழங்கும் உடல்நிலை எண். 20 செ.மீ. மடவை 80 கிராம் இருப்பின் எண் 1. மறுமாதம் அதே நீளமுள்ளவை 68 கிராமே இருப்பின் 0.85. மீன் நீண்டும் கொழுக்கவில்லையெனின், இரை போதவில்லை, அல்லது குஞ்சுகள் நெருக்கமாய் விடப்பட்டன, அல்லது நோய் புகுந்தது. தராசு மட்டும் வைத்திருப்பவருக்கு இது புலப்படாது. குளத்தின் மொத்த எடை மெல்ல ஏறிக்கொண்டேயிருக்கும். இவ்வெண்ணை அதே குளத்தின் முன்மாதக் கணக்கோடு ஒப்பிடுக, அயலார் குளத்தோடன்று.

அளக்கும் பலகை வீட்டுத் தச்சரே செய்யத்தக்கது. ஒரு முனையில் தடுப்புக் கட்டை அறைந்து, அதில் மூக்கு முட்டும்படி மீனைக் கிடத்தி, வால் நுனிவரை அளக்கவேண்டும். சிலர் வாற்பிளவு மட்டும் அளப்பர்; எதுவாயினும் ஆண்டு முழுவதும் ஒரே முறையைக் கைக்கொள்ளவேண்டும். உலர்ந்த மீனை அளத்தல் கூடாது, அது சுருங்கியிருக்கும்.