பசிக்கு ஒண்ணாம் நம்பர்

மாதக் கடைசியில் பர்ஸ் இளைக்கிறது, வயிறு மட்டும் முதல் தேதி மாதிரியே பசிக்கிறது. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அக்கா பையனுக்குத் திருச்சியில் வேலை, ஸ்ரீரங்கத்தில் ரூம். போன மாதம் 23-ம் தேதி போன் பண்ணினான்.

‘‘மாமா, ஒரு ரெண்டாயிரம் கிடைக்குமா?’’

‘‘எதுக்குடா?’’

‘‘சாப்பிட.’’

விசாரித்தால், மூணு வேளையும் செல்போனில் ஆர்டர். தோசைக்கு ஒரு விலை, டப்பாவுக்கு ஒரு விலை, கொண்டு வருகிறவருக்கு ஒரு விலை. வந்து சேரும்போது தோசை ஆறி, சுருட்டிய பாய் மாதிரி இருக்குமாம். பணம் தர மாட்டேன், பஸ் சார்ஜ் தருகிறேன், ஒரு நாள் லீவு போடு என்றேன். போட்டான். காரணம், வயிற்று வலி!

முதலில் திருவானைக்காவல். 1943-லிருந்து இருக்கிற பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட். ‘இதைப் போய் மலிவு லிஸ்ட்டில் சேர்க்கலாமா?’ என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். ஒரு ரோஸ்ட்டைச் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை கம்மென்று இருப்பவனுக்கு மலிவுதான். அரை மணிக்கொரு தரம் பஜ்ஜி, பப்ஸ் என்று மேய்கிறவனைக் குபேரனாலும் காப்பாற்ற முடியாது.

ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட். வழியில் கையேந்தி பவன் பாடம் நடத்தினேன். ‘‘டவுன் பஸ் கண்டக்டரும் ஆட்டோக்காரரும் எந்த வண்டியைச் சுத்தி நிக்கிறாங்கன்னு பாரு. வயிறு கெட்டா அவங்களுக்கு அன்னிக்கு வருமானம் போச்சு. அதனால தப்பான இடத்துல நிக்க மாட்டாங்க. கும்பல் இருந்தா இட்லி குண்டான்லேர்ந்து நேரே தட்டுக்கு வரும். ஈ ஓட்டற வண்டில சட்னிக்கு என்ன வயசுன்னு யாருக்குத் தெரியும்? தட்டு கழுவற வாளியையும் ஒரு பார்வை பாத்துக்கோ.’’

மதியம் டவுனுக்குள் ஒரு அம்மா உணவகம். 2013-ல் சென்னையில் ஆரம்பித்து அதே வருஷம் திருச்சிக்கும் வந்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3 என்று விலை வைத்தார்கள். ஆக, 8 ரூபாயில் மத்தியானம் முடிந்தது. பையன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

‘‘வேணாம் மாமா. தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா?’’

எனக்குக் கோபம் வரவில்லை. பிரம்மச்சாரி நாட்களில் நானும் இந்த ஜாதிதான். கையில் காசில்லாத 28-ம் தேதி, ரூம் நண்பன் சாப்பிடக் கூப்பிட்டால், ‘வயிறு சரியில்லை’ என்பேன். குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பேன். மூணு நாள் இப்படியே சொன்னதில் அவன் பயந்துபோய் டாக்டரிடம் இழுத்துப் போனான். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். ‘தினம் மூணு. சாப்பாட்டுக்குப் பின்.’

இதைச் சொன்னேன். பையன் சிரிக்கவில்லை. பேசாமல் வந்து வரிசையில் நின்றான். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், சடாரென்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

‘‘மாமா, எங்க மேனேஜர்!’’

நாலு பேருக்கு முன்னால் நின்ற மனிதர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு வியர்வை யாருக்கும் வராது. கடைசியில் மூணு பேரும் ஒரே மேஜையில் நின்றபடி சாப்பிட வேண்டியதாயிற்று.

‘‘வயித்து வலின்னு லீவு சொன்னியேப்பா?’’

‘‘இப்ப பரவாயில்ல சார். நீங்க...’’

‘‘சும்மா, டேஸ்ட் எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு.’’

கை கழுவப் போகும்போது அவரே திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: ‘‘நாளைக்கு வர்றதா இருந்தா சீக்கிரம் வந்துடு. தயிர் சாதம் முதல்ல தீர்ந்துடும்.’’

சாயங்காலம் மெயின்கார்டு கேட் பக்கம் மைக்கேலில் ஐஸ்கிரீம். ஆபீஸ் டிராயருக்கு ஒரு பொட்டலம் மணப்பாறை முறுக்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கு இது. பாதி வெந்ததும் எடுத்து ஆறவைத்து, மறுபடி எண்ணெயில் போடுவார்கள். அதனால்தான் அந்த மொறுமொறுப்பு. நாலு மணிப் பசிக்கு இரண்டு போதும்.

ராத்திரி ஸ்ரீரங்கம் திரும்பினோம். பெரிய கோயிலில் 2012-லிருந்து நாள் முழுக்க அன்னதானம். அதைக் கடைசியாகத்தான் சொன்னேன். கையில் எட்டு ரூபாய் இருக்கிறவன் அந்தப் பந்தியில் ஒரு இலையை அடைக்கக் கூடாது என்பது என் கட்சி. அக்கா ஒப்புக்கொள்ள மாட்டாள். பிரசாதத்துக்கு ஏது ஏழை, பணக்காரன் என்பாள்.

இந்த மாதமும் 23-ம் தேதி போன் வந்தது.

‘‘எவ்வளவுடா வேணும்?’’

‘‘பணமில்ல மாமா. சத்திரத்துல ராத்திரி இட்லிக்கு எந்த வண்டி நல்லதுன்னு எங்க சார் உங்களைக் கேக்கச் சொன்னார்.’’