கல்யாண போட்டோகிராபரும் ஆதார் ஆயாவும்

தை பிறந்தால் எங்கள் பக்கம் இரண்டு வேலை ஆரம்பிக்கும். ஒன்று மரக்காணத்து அளத்து வேலை. இன்னொன்று கல்யாணம். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது மக்களே. ஈ.சி.ஆர். ஓரம் காரை நிறுத்திவிட்டு, உப்பளத்து வரப்பில் கவுன் போட்ட பெண்ணும் கோட் போட்ட பையனும் அந்தி வெயிலில் நிற்கிற 'ப்ரீ வெட்டிங் ஷூட்'. (அந்த வரப்பில் கூடை தூக்கிப் போகிறவர்கள் ஓரமா ஒதுங்கி நிற்கணுமாம்.)

படம் அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து போட்டோகிராபரை முடிவு பண்ணாதீங்க என்பதுதான் என் கட்சி. தண்ணீர் கட்டிய பாத்தி கண்ணாடி மாதிரி. சூரியன் இறங்குகிற நேரத்தில் யார் செல்போனை நீட்டினாலும் படம் வரும். அதில் திறமை உப்புக்கும் சூரியனுக்கும். கல்யாண மண்டபம் அப்படியா? விடிகாலை முகூர்த்தம், ட்யூப்லைட், ஹோமப் புகை, குறுக்கே நாலு தலை, தாலி கட்ட சில வினாடி. அங்கே ரீடேக் கிடையாது. அதனால் பொறுக்கி எடுத்த இருபது படத்தைக் காட்டினால் மயங்காதீர்கள். ஏதாவது ஒரே கல்யாணத்தின் மொத்தப் படத்தையும் காட்டச் சொல்லுங்கள், மொய் எழுதுகிற மேஜை, பந்தி வரைக்கும்.

எங்கள் அக்கா கல்யாணத்தில் நாங்கள் இதைச் செய்யவில்லை. மாமா போனில் ஒரு வீடியோ காட்டினார். ட்ரோன் பறந்தது, அட்வான்ஸும் பறந்தது. யார் எவர் என்று சொல்லப் போவதில்லை, அது முக்கியமும் இல்லை.

ஆல்பம் வந்தது. தூக்கினால் கை வலிக்கிற கனம். அக்கா உப்பு மாதிரி வெளுத்திருந்தாள். காலமெல்லாம் அளத்தில் உழைத்த எங்கள் ஆயா, படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இது யாரு வூட்டுப் பொண்ணுடா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

ஒரு காலத்தில் கோடாக் கம்பெனி 'ஷெர்லி கார்டு' என்று வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் கலர் சரிபார்க்கச் சொன்னது. கறுத்த முகம் பிலிமில் சரியாக விழாததற்கு அது ஒரு காரணம். இன்றைக்கு அந்தச் சாக்கும் இல்லை. டிஜிட்டல் கேமரா கறுப்பைக் கறுப்பாகவே எடுக்கிறது. வெளுப்பது மவுஸ் பிடித்த கை. அந்தக் கைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்!

சிரித்து முடித்ததும் ஆயா கேட்டாள், "நான் எங்கடா?"

தேடினோம். மூக்கோடு மூக்கு உரசுகிற படமே முப்பது பக்கம். ஆயா ஒரே ஒரு குரூப் போட்டோவின் ஓரத்தில், பாதி முகமாக இருந்தாள். மீதியை யாரோ ஒருவரின் தோள் மறைத்திருந்தது.

அந்த ஆடியில் ஆயா போய்ச் சேர்ந்தாள். மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும். நம் வீடுகளில் அந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒருத்தர் கல்யாணத்தில் எடுத்ததை வெட்டிப் பெரிசாக்கியதுதான். போட்டோகிராபருக்குப் போன் போட்டேன். "ஆல்பம் குடுத்ததும் டிஸ்க்க காலி பண்ணிடுவோம் தம்பி" என்றார். இப்போது எங்கள் வீட்டுச் சுவரில், பொட்டு வைத்து மாலை போட்டு இருப்பது ஆதார் கார்டு படம். அந்த மூஞ்சியில் எங்கள் ஆயா இல்லை.

கேஸ் போடலாமே என்றான் ஒரு நண்பன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. சரி, எதை வைத்துக் கொடுப்பது? வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்று 1872 சட்டத்தைப் படித்துப் பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன் (மார்க் கேட்காதீர்கள்). ஆனால் ஒரிஜினல் படங்களைத் தருவதாக அவர் வாயாலும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"அது எங்க கலை, எங்க உரிமை" என்று சிலர் சொல்வார்கள். 1957 காப்புரிமைச் சட்டம் 17(b) பிரிவைப் பாருங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். 'வேறு மாதிரி ஒப்பந்தம்' என்பது அவர்கள் நீட்டுகிற ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கலாம், திருப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸுக்கு முன்னாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: ஒரிஜினல் ஃபைல் எல்லாம் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், முகத்தை வெளுக்கக் கூடாது, மண்டபத்துக்கு வருகிற பெரியவர்கள் யார் யார். அந்தக் கடைசிப் பட்டியலைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறவரை விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

வருகிற தையில் பெரியப்பா பையன் கல்யாணம். ட்ரோன் வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆயா தாத்தாக்களை எடுப்பது மட்டும்தான் அவர் வேலை என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்டா" என்கிறார். போனில் இன்னொரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது.