கத்திரி வெயிலில் ஒரு கம்பளி

போன மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நாளில், என் மனைவிக்கு வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அம்பத்தூரில் அன்று செருப்பில்லாமல் தெருவில் கால் வைக்க முடியாது. மருத்துவமனை வாசலில் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

காலை பத்தரைக்கு தியேட்டருக்குள் போனவளை மதியம் ஒன்றரைக்கு வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் தடதடவென்று ஆடியது. சக்கரம்தான் சரியில்லை என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஆடியது சக்கரம் இல்லை, அவள்தான். தாடை கிடுகிடுவென அடித்துக்கொண்டது. உதடு வெளுத்திருந்தது.

"என்னங்க, குளிருதுங்க. ரொம்பக் குளிருது" என்றாள். நாற்பத்திரண்டு வருட தாம்பத்தியத்தில் மே மாதத்தில் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

நர்ஸைக் கூப்பிட்டேன். நல்ல பெண். முகம் சுளிக்காமல் வந்தாள். "ஸ்பைனல் போட்டா எல்லாருக்கும் இப்படித்தான் ஐயா நடுங்கும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லி ஒரு மெல்லிய பருத்திப் போர்வையைப் போர்த்திவிட்டுப் போனாள். விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் ஆக்ஸிஜன் எண் சரியாக வரவில்லை. விரல் அவ்வளவு சில்லிட்டிருந்தது, கையும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் இருந்தவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. எங்கள் உலையின் வெப்பத்தை அரை மணிக்கு ஒரு தரம் எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த லாட் முழுவதும் சந்தேகத்துக்குரியது, தள்ளி வைத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் கட்டிலின் காலடியில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். பிபி இருந்தது, பல்ஸ் இருந்தது, டிரிப்ஸ் கணக்கு இருந்தது. டெம்பரேச்சர் என்ற கட்டத்தில் காலை ஆறு மணிக்கு எழுதிய எண்ணோடு சரி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"சிஸ்டர், ஒரு தரம் ஜுரம் பார்க்கிற மாதிரி பாருங்களேன்" என்றேன். அக்குளில் வைத்துப் பார்த்தாள். 94.6 டிகிரி ஃபாரன்ஹீட். அக்குளில் பார்த்தால் உள்ளுடம்பைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. உடனே ஓடிப்போய் இரண்டு கம்பளி கொண்டு வந்தாள். டாக்டரிடம் போனில் பேசி ஒரு ஊசியும் போட்டாள். 97-ஐத் தொட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.

நடந்தது இவ்வளவுதான். பெரிய கேடு ஒன்றும் நேரவில்லை. இன்று அவள் நன்றாக நடக்கிறாள். அந்த மருத்துவமனையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதனால் பெயரும் வேண்டாம். ஆனால் அன்று முதல் எனக்குள் ஒரு கேள்வி: நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்த எண் யாருக்காவது தெரிந்திருக்குமா?

சென்னைவாசிக்குக் குளிர் என்றால் மார்கழி. குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வாக்கிங் போகிற பெரியவர்களைக் கேலி பேசுகிற ஊர் இது. வெளியே நூறு டிகிரி வெயில் அடிக்கும்போது ஒருவர் உடம்பு குளிர்ந்து ஆபத்து வரும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் போகிற முதியவருக்கு வெளியே அடிக்கிற வெயிலால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நம் நாட்டு மருத்துவமனைத் தர அங்கீகார வாரியம் அறுவை அரங்குக்குப் பொதுவாகச் சொல்லும் வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸ், மூன்று டிகிரி கூடலாம், குறையலாம். ஆவடியானாலும் ஊட்டியானாலும் உள்ளே அதே குளிர்தான்.

அரங்கு குளிராக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. மருத்துவர்கள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, சுத்தியலும் ரம்பமுமாக வேலை செய்கிறார்கள். மூட்டை எலும்போடு ஒட்டும் சிமென்ட் அறை சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகிவிடும். இதெல்லாம் நியாயம். ஆனால் "குளிர் இருந்தால்தான் கிருமி வராது" என்று நம்மில் பலர் நினைப்பது சரியல்ல. 1960களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்கு வழிகாட்டிய ஜான் சார்ன்லி, தொற்றைக் குறைக்க நம்பியது குளிரை அல்ல. வடிகட்டிய சுத்தமான காற்றைத்தான்.

உடம்பு ஏன் குளிர்கிறது? அறைக் குளிர் ஒரு பாதிதான். மீதி உடம்புக்குள்ளேயே நடக்கிறது. சாதாரணமாக நம் நடுவுடம்பு சூடாகவும் கைகால்கள் சற்றுக் குளிர்ந்தும் இருக்கும். சூடு வெளியே போகாமல் கைகால் ரத்தக் குழாய்கள் சுருங்கி வாசலைச் சாத்தி வைத்திருக்கும். மயக்க மருந்தோ, முதுகில் போடும் ஸ்பைனல் ஊசியோ அந்த வாசலைத் திறந்துவிடுகிறது. வெந்நீர் அண்டாவில் ஒரு வாளி பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் என்ன ஆகும்? அதேதான். முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்ளுடம்பு ஒரு டிகிரி முதல் ஒன்றரை டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடலாம். ஸ்பைனலில் இன்னொரு சங்கடம்: இடுப்புக்குக் கீழே மரத்துவிடுவதால், குளிர்வது நோயாளிக்கே சரியாகத் தெரியாது. வயதானவர்களுக்குத் தசை குறைவு. உடம்பு சூட்டை உண்டாக்குவதும் குறைவு, காப்பாற்றிக்கொள்வதும் குறைவு. மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுக்காரர்கள்தானே!

"கொஞ்சம் நடுங்கினால் என்ன?" என்று கேட்கலாம். நடுக்கம் உடம்பின் ஆக்ஸிஜன் தேவையைக் கூட்டுகிறது. இதயம் பலவீனமானவருக்கு அது சுமை. புதிதாகத் தைத்த காயத்தையும் இழுக்கிறது. இதைவிட முக்கியம், கண்ணுக்குத் தெரியாத விளைவுகள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது மந்தமாகிறது. 1996-இல் லான்செட் இதழில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 60 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. 36.6 டிகிரியில் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 1.7 லிட்டர் ரத்தம் இழந்தார்கள். 35 டிகிரிக்கு இறங்கியவர்கள் 2.2 லிட்டர். வித்தியாசம் அரை லிட்டர். அதே ஆண்டில் குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், குளிர்ந்தவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது. சூடாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம். மூட்டு மாற்றியவருக்குத் தொற்று என்றால் என்ன அர்த்தம் என்று அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள். வைத்த மூட்டையே திரும்ப எடுக்க வேண்டி வரலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022-இல் அதே லான்செட்டில் 5,056 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அறுவையின்போது 35.5 டிகிரியில் இருந்தவர்களுக்கும், விடாமல் சூடாக்கி 37-இல் வைக்கப்பட்டவர்களுக்கும் இதயப் பாதிப்பிலோ மரணத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. "அப்புறம் ஏன் சார் இவ்வளவு கவலை?" என்று ஒரு டாக்டர் என்னைக் கேட்டால், அது நியாயமான கேள்விதான். என் பதில்: நான் 37-க்குச் சண்டை போடவில்லை. 35.5 போதும் என்றே வைத்துக்கொள்வோம். என் மனைவி 35.5-இல் இருந்தாளா, 34.5-இல் இருந்தாளா என்பதாவது தெரிய வேண்டாமா? அந்த ஆய்வில் இரண்டு பக்கத்தாருக்கும் உடல் வெப்பத்தை அளந்துகொண்டே இருந்தார்கள். அளக்காமல் விட்டால் பரவாயில்லை என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் நைஸ் என்ற அமைப்பு 2008-லேயே இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. அவசர அறுவையாக இல்லாவிட்டால் 36 டிகிரிக்குக் கீழே இருப்பவருக்கு மயக்க மருந்தைத் தொடங்காதே. நரம்பில் அரை லிட்டரோ அதற்கு மேலோ திரவம் ஏற்றினால் அதை 37 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்று. அறுவை முடிந்ததும் ரெக்கவரி அறையில் கால் மணிக்கு ஒரு தரம் வெப்பம் பார். 36 வராமல் வார்டுக்கு அனுப்பாதே. நோயாளிக்கும் அதில் வேலை உண்டு. வரும்போது வீட்டிலிருந்து கனமான உடுப்பு கொண்டு வாருங்கள், எந்த நேரத்தில் குளிர்ந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கேட்டால் தொந்தரவு என்று நினைத்து, "பரவால்ல சிஸ்டர்" என்று சொல்லியே பழகிய தலைமுறை நாங்கள்.

சூடான காற்றை ஊதும் போர்வை இயந்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. அந்தக் காற்று கிருமியைக் கிளப்பி மூட்டில் சேர்த்துவிடும் என்று ஒரு பயம் கிளம்பி, அமெரிக்காவில் வழக்குகள்கூட நடந்தன. அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தகவல்களைப் பார்த்துவிட்டு, அப்படி உறுதியான தொடர்பு தெரியவில்லை, தேவையான இடத்தில் தொடர்ந்து பயன்படுத்துங்கள் என்று 2017 ஆகஸ்டில் மருத்துவர்களுக்கு எழுதியது.

அதே 2017 ஆகஸ்டில்தான் நம் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்சவிலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். நல்ல காரியம். ஆனால் அன்று முதல் நாம் பேசுவதெல்லாம் மூட்டின் விலை, மூட்டின் கம்பெனி, எத்தனை வருடம் உழைக்கும் என்பதுதான். என் மனைவியின் டிஸ்சார்ஜ் காகிதத்தில் உள்ளே வைத்த உலோகத்துக்கு சைஸ், லாட் நம்பர் எல்லாம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. அறுவை நாளன்று அவள் உடம்பு எத்தனை டிகிரியில் இருந்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது.

மருத்துவமனை நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் இல்லை. கேஸ் ஷீட்டில் தியேட்டருக்குள் போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று, வார்டுக்கு அனுப்பும் முன் ஒன்று என மூன்று கட்டம். கடைசிக் கட்டத்தில் 36 எழுதாமல் ஸ்ட்ரெச்சர் நகரக் கூடாது. தெர்மாமீட்டர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. எழுத ஆரம்பித்தால் மீதி தானாக நடக்கும் என்பது உலைக்கூடத்தில் நான் கண்டது. எண் கண்ணில் பட்டதும் அந்த நர்ஸ் எப்படி ஓடினாள் என்று பார்த்தேன் அல்லவா? அவளுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. கேட்பதற்குக் கட்டம்தான் இல்லை.

வீட்டாருக்கும் எச்சரிக்கை உண்டு. அன்று மாலை என் மச்சினி ஆவடியிலிருந்து பாசத்தோடு ஹாட் வாட்டர் பேக் கொண்டு வந்து அக்காவின் காலடியில் வைக்கப் போனாள். அதே நர்ஸ் தடுத்தாள். அவள் செய்ததுதான் சரி. ஸ்பைனல் இறங்காத காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்தாலும் தெரியாது. போர்வை போர்த்துங்கள், தலைக்குக் குல்லா போடுங்கள், காலுக்கு சாக்ஸ் போடலாமா என்று கேட்டுப் போடுங்கள். சுடும் பொருள் எதையும் உடம்பில் படும்படி வைக்காதீர்கள். அறுத்த முழங்காலுக்கு ஐஸ் வைக்கச் சொல்லும்போது, "குளிருதுன்னு சொல்றோம், ஐஸ் வைக்கிறீங்களே" என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம். ஐஸ் வீக்கத்துக்கு, கம்பளி உடம்புக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

அடுத்த மாதம் பூந்தமல்லியில் இருக்கும் எங்கள் சம்பந்தி அம்மாளுக்கு இரண்டு முழங்காலும் மாற்றப் போகிறார்கள். என் மனைவி அலமாரியின் மேல்தட்டிலிருந்து எங்கள் பத்ரிநாத் யாத்திரைக் கம்பளியையும் என்னுடைய குரங்குக் குல்லாவையும் எடுத்து, வெயிலில் உலர்த்தி, ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறாள். பையின் மேலே ஒரு சீட்டைக் குத்தியிருக்கிறாள். அதில் அவள் கையெழுத்தில் ஒரே வரி: "வெளியே வந்ததும் ஜுரம் பார்க்கச் சொல்லவும்."