வெந்நீரும் என்ட்ரோபியும்

பெங்களூரில் வீட்டு மாடிகள்தோறும் காணப்படும் சூரிய வெந்நீர்க் கலங்களைச் சிக்கனச் சாதனங்கள் என்றே பலரும் கருதுகின்றனர். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை விளக்க அவற்றினும் எளிய பாடம் கிடைப்பது அரிது.

மீள்முறை வெப்ப எந்திரம் ஒன்று பின்னோக்கி இயங்குவதாகக் கொள்க. அது 300 கெல்வின் நிலையிலுள்ள காற்றிலிருந்து 900 ஜூல் வெப்பத்தை எடுத்து, 60 ஜூல் வேலையையும் சேர்த்து, 320 கெல்வின் நிலையிலுள்ள நீருக்கு 960 ஜூல் அளிக்கிறது. காற்று இழந்த என்ட்ரோபி 900/300, அதாவது 3 அலகு. நீர் பெற்றது 960/320, அதுவும் 3 அலகே. மொத்த மாற்றம் சுழி. மின்சூடேற்றியோ அதே பணிக்கு 960 ஜூல் மின்னாற்றலையும் செலவிடுகிறது. 3 அலகு என்ட்ரோபி புதிதாகத் தோன்றுகிறது. செலவு பதினாறு மடங்கு! அம்மின்சாரம் நிலக்கரியால் உண்டானதாயின், கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு முன்னரே வீணாகியிருக்கும்.

மீள்முறை எந்திரத்தை எவரும் செய்து முடிக்க இயலாது. ஆயினும் விரயத்தை அளக்க அதுவே அளவுகோல். இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் ‘அஸ்த்ரா’ அமைப்பைத் தோற்றுவித்த பேராசிரியர் அமுல்ய ரெட்டி, தேவைக்கு ஏற்ற ஆற்றலையே நாட வேண்டும் என வலியுறுத்தி வந்தார். குளிநீருக்கு வெயில் போதும். மின்சாரம் விளக்குக்கும் மோட்டாருக்கும் உரியது.

ஆகவே, ஆசிரியர்கள் கார்னோ சுழற்சியைக் கரும்பலகையோடு நிறுத்திவிடலாகாது. களப் பணியாளர்களும் ‘எவ்வளவு ஆற்றல்?’ என்பதோடு ‘எத்தகைய ஆற்றல்?’ என்றும் வினவுதல் வேண்டும்.