மௌனத்துக்கு நாம் வைக்கும் பெயர்

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னர், சுமார் 12,000 முன்னாள் போராளிகள் அரசாங்கத்தின் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படாமலேயே தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் ஊர் திரும்பினார்கள். அவர்களைப் பற்றி வன்னியில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "ஆள் ஒருத்தரோடையும் கதைக்காது. ஏதோ இருக்கு."

அந்த 'ஏதோ'வை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நிரப்புகிறார்கள். படைத்தரப்புக்கு அது எதையோ மறைக்கும் மௌனம். அயலவர்களுக்கு அது தகவல் கொடுப்பவரின் மௌனம். வேலை கொடுக்க வேண்டியவருக்கு அது வீண் பிரச்சினை. மூன்று தரப்புமே மௌனத்தின் காரணத்தை அந்த மனிதரின் குணத்தில்தான் தேடுகின்றன.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பெண்ணிடம், ஊர் நிகழ்வுகளுக்கு ஏன் போவதில்லை என்று கேட்டேன். "நான் கதைச்சா, என்னோட கதைச்சவையையும் விசாரிப்பினம், தங்கச்சி" என்றார். அவரது ஒதுங்கல் அயலவர்களைக் காப்பாற்றுவதற்கானது. அயலவர்களோ அதையே அவர்மீதான சந்தேகத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தை உளவியலாளர்கள் பரிசோதித்திருக்கிறார்கள். 1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்கு விதிக்கப்பட்டது என்று சொல்லப்பட்ட பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளராகவே இருப்பார் என்று வாசித்தவர்கள் மதிப்பிட்டார்கள். 1977இல் லீ ராஸ் இந்தச் சாய்வை ஓர் அடிப்படைத் தவறு என்று பெயரிட்டார். மனிதர் கண்ணுக்குத் தெரிகிறார்; அவரை நெருக்கும் நிலைமை தெரிவதில்லை.

எங்களுக்கு இது புதிய செய்தியல்ல. இறுதிக்கட்டத்தில் கட்டாய ஆட்சேர்ப்பு நடந்ததை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்தது. அறிக்கை வருவதற்கு முன்பே வன்னிச் சனத்துக்கு அது தெரியும். அப்படிப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைக்கும், பின்னர் கலியாணப் பேச்சு வரும்போது "இயக்கத்தில இருந்தவள்" என்பதே குணச் சான்றிதழாகிவிடுகிறது. விரும்பிப் போனவர்களுக்கும் அவர்களுடைய காலமும் காரணங்களும் இருந்தன. அவற்றையும் நாம் கேட்பதில்லை.

சந்தேகப்படுபவர்களைக் கெட்டவர்கள் என்று சொன்னால் நானும் அதே தவறைத்தான் செய்வேன். தகவல் கொடுத்தவர்களால் குடும்பங்கள் பாதிக்கப்பட்ட அனுபவம் இங்கே இருக்கிறது. அந்தப் பயத்துக்கும் ஒரு நிலைமை உண்டு. வீட்டுக்கு வரும் புலனாய்வாளர்கள், தொலைபேசி விசாரணைகள், 'யார் வந்தது, யார் போனது' என்ற கேள்விகள் எல்லாம் சேர்ந்துதான் அதை உருவாக்குகின்றன.

இதில் அரசியல் ஒன்று அடங்கியிருக்கிறது. ஒரு முன்னாள் போராளியின் மௌனம் அவரது குணத்தால் வந்தது என்றால், அதற்கு வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது கண்காணிப்பால் வந்தது என்றால், கண்காணிப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். நாம் "ஆள் அப்படித்தான்" என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியிலிருந்து அவர்களை விடுவித்துவிடுகிறோம்.

கண்காணிப்பை நிறுத்தச் சொல்லிக் கேட்பது அரசாங்கத்திடம். அடுத்த கலியாண வீட்டுக்கு அந்தப் பெண்ணையும் நேரில் போய்ச் சொல்லி அழைப்பது நம்மிடம்தான் இருக்கிறது. அவர் வராமல் போனால், ஏன் வரவில்லை என்பதற்கு நாமே ஒரு பதிலைத் தயார் செய்யாமல் இருப்பதும் நம்மிடம்தான்.